பத்துக்கு எவ்வளவு

அடையாள அட்டையில் கோரின் சந்தனசாமி.
ஊர் துலூஸ்.
நிறம் என் நிறம்தான். மூக்குகூட
எங்கள் சின்ன அத்தை மூக்கு.
முப்பாட்டன் இங்கிருந்து சைகோனுக்குக்
கப்பலேறிய சிப்பாயாம்.
அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.
"ஆறு வாரம் உன்கூடத்தான்" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர்,
அலமாரிச் சாவியைக் கையில் தருவதுபோல.

வெள்ளைக்காரியாக வந்திருந்தால்
வார்டே விழுந்து விழுந்து கவனித்திருக்கும்.
இவளிடம் வந்து
பாத்ரூம் எந்தப் பக்கம் என்றார்கள்,
சீட்டு எப்போ கிழிப்பீங்க என்றார்கள்.
பதிலுக்குச் சிரித்தால்
"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?"

பதினாலாம் கட்டில் அஞ்சலாட்சி.
பெரிய மார்க்கெட்டில் மீன் கடை.
சர்க்கரை. வலது கால்.
கட்டுப் பிரிக்கையில் கோரின்
பஸ்ஸில் உருப்போட்டு வந்த கேள்வியைக் கேட்டாள்:
வலி, பத்துக்கு எவ்வளவு?
அஞ்சலாட்சி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.
"பத்துக்கு என்னாடி வரும் இந்தக் காலத்துல?
மத்தி ஒரு கூறு நூறு.
நீ பச்சப் புள்ளையா இருக்க, எண்பதுக்கு எடுத்துக்க."

சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.
பதிலாக அவள் நோட்டு நிறைந்தது.
குத்துது. கடுக்குது. எரியுது.
குடையுது. இழுக்குது.
எல்லாம் அவள் எழுத்தில், கொம்பும் காலும் இல்லாமல்.
வித்தியாசம் என்ன என்பாள்.
சொல்லத் தெரியாமல்
அவள் மணிக்கட்டில் விரலால் தட்டிக் காட்டினேன்:
விண்ணு, விண்ணு, விண்ணு.
சுருக்கென்பதற்கு ஒரு கிள்ளு.
கடுப்புக்கு மட்டும்
மஞ்சக்குப்பத்தில் ஏறி இருக்கை கிடைக்காமல்
புதுச்சேரி வரை நின்றே வந்த
என் காலைத்தான் காட்ட முடிந்தது.

நாலாம் வாரம் ராத்திரி டூட்டி.
வாசல் கடையில் வாங்கிய காபி
இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.
கோரின் சிரித்துக்கொண்டே வந்தாள்.
அஞ்சலாட்சிக்கு வலியே இல்லையாம்.
பூஜ்யம். முதல்முறையாகக் கட்டம் நிரப்பியிருக்கிறாள்.
"ஆனா ஒண்ணு புரியல.
கால் மரத்துக்குப் போச்சுன்னு சொல்றாங்க.
எந்த மரம்? வெளியில இருக்கே, அந்த வேப்பமரமா?"

மரத்துப் போச்சு.

காபி எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.
போர்வையை விலக்கித் தொட்டால்
ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது விரல்கள்.
நீலம். பாதத்தின் மேல் நாடியைத் தேடுகிறேன்,
இன்னும் கொஞ்சம் உள்ளே தேடுகிறேன்,
என் நாடிதான் துடிக்கிறது.
டூட்டி டாக்டரை எழுப்பக் கோரின் ஓடினாள்.
எந்த மொழியில் எழுப்பினாளோ,
செருப்புகூடப் போடாமல் வந்தார்.

இரண்டு விரல் போயிற்று.
பாதம் தங்கியது.
அஞ்சலாட்சி ஒரு வாரம் எங்கள் இருவரையும் திட்டினாள்,
பிறகு வஞ்சிரம் அனுப்பட்டுமா என்றாள்.
கோரின் நோட்டில் "மரத்து" என்ற சொல்லைச் சுற்றி
பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு ஒரு வட்டம்.
கிளம்பும் அன்று அதையே எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு
மருந்துக்கடை மாடியில் ஜெர்மன் வகுப்பு.
பி ஒன் தேறினால் பிப்ரவரியில் விமானம்,
எங்கோ ஒரு முதியோர் இல்லம்.
எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது,
பூஜ்யத்தில் இருந்து பத்து வரை:
இருபத்திரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம்.
வலிக்கு ஒரு சொல் தந்திருக்கிறார்கள்.
மீதி அங்கே இருக்குமாயிருக்கும்,
அந்தக் கிழவர்களின் வாயில்.

அவள் நோட்டில் பின்பக்கம் பாதி காலி.
எழுதிக்கொள்வேன், அது ஒன்றுமில்லை.
என்றைக்காவது நானும்
ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுவிட்டுச்
சிரித்துக்கொண்டே போய் நிற்பேன்.
அப்போது
காபியைப் போட்டுவிட்டு ஓடுகிற ஒருத்தி
அங்கே டூட்டியில் இருக்க வேண்டும்.